கொழும்பின் குடிநீரும் மலையகத்தின் பீலிகளும்

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நாடு பாராளுமன்றத் தேர்தல் பரபரப்பில் மூழ்கியிருந்த வேளையில், கொழும்பு நகரினதும் அதன் சுற்றுப்புறங்களினதும் பல பகுதிகளுக்கான குடிநீர் விநியோகம் திடீரென இடைநிறுத்தப்பட்டது. பியகமவில் அமைந்துள்ள பன்னாட்டுக் குளிர்பான நிறுவனமொன்றின் தொழிற்சாலையிலிருந்து கசிந்த டீசல் எண்ணெய் களனி கங்கையில் கலந்து விட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்நிறுவனத்தின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. நட்டஈடு பற்றியும் பேசப்பட்டது. சில நாட்களில் நீர் மீண்டும் வந்தது. தேர்தல் முடிவுகளும் வந்தன. அத்துடன் அவ்விடயம் மக்கள் மனதிலிருந்து அகன்று போய்விட்டது.

ஆனால், அச்சம்பவம் உணர்த்திய உண்மை இன்றும் அப்படியே இருக்கின்றது. கொழும்புப் பெரும்பாகத்தில் வாழும் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிக்கும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ஒரேயொரு ஆற்றிலிருந்து பெறப்படுகின்றது. அந்த ஆற்றில், நீர் உள்ளெடுக்கப்படும் இடத்துக்குச் சற்று மேலே, ஏதேனுமொரு தொழிற்சாலையின் குழாய் உடைந்தால் போதும், தலைநகரின் அடுப்படிகள் காய்ந்து விடும். உலகின் தலைநகரங்களில் இவ்வளவு ஒற்றை நம்பிக்கையில் தங்கியிருப்பவை அதிகமிருக்க முடியாது என்றே நாம் எண்ணுகின்றோம்.

களனி கங்கை 145 கிலோமீற்றர் நீளமானது. இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவாதமலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாதம் என்றும் போற்றும் மலையின் சாரலில் மஸ்கெலி ஓயாவும், ஹோட்டன் சமவெளியை அண்டிய மலைகளிலிருந்து கெசல்கமு ஓயாவும் ஊற்றெடுத்து, பின்னர் ஒன்றுசேர்ந்து களனியாகின்றன. மலையடிவாரத்தில், யாத்திரிகர்கள் பயணத்தைத் தொடங்கும் ஊரின் பெயர் நல்லதண்ணி. அப்பெயரை வைத்த நம் முன்னோர் கொழும்பின் குடிநீரைப் பற்றிச் சிந்தித்திருக்க மாட்டார்கள். ஆயினும், ஆற்றின் தலைமாட்டில் தமிழ் மக்கள் வைத்த இப்பெயரே, இக்கட்டுரையில் நாம் சொல்ல முற்படும் விடயத்துக்குப் பொருத்தமான தொடக்கமாக அமைகின்றது.

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கொழும்பு மக்கள் கிணற்று நீரையே நம்பியிருந்தனர். நகரம் பெருகப் பெருகக் கிணறுகளும் மலக்குழிகளும் ஒன்றையொன்று நெருங்கின. வாந்திபேதி அடிக்கடி தலைகாட்டியது. அதன் பின்னரே ஆங்கிலேய ஆட்சியினர், 1880களில், அவிசாவளைக்குத் தெற்கே காடு சூழ்ந்த லபுகமவில் அணை கட்டி நீரைத் தேக்கி, இரும்புக் குழாய் வழியாக நகருக்குக் கொண்டு வந்தனர். மாளிகாகந்தையிலும் முகத்துவாரத்து எலி ஹவுஸிலும் உள்ள நீர்த்தேக்கங்களுக்கு அந்நீர் தன் எடையாலேயே இறங்கி வந்தது. அதை இறைப்பதற்கு இயந்திரம் தேவைப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின், 1950களில், அதற்கு அண்மையிலேயே கலட்டுவாவ நீர்த்தேக்கம் உருவாக்கப்பட்டது.

ஆங்கிலேயர் எல்லாவற்றையும் நன்மை கருதிச் செய்தவர்கள் என்று கூறுவதற்கில்லை. எனினும், ஒரு விடயத்தில் அவர்கள் தெளிவாக இருந்தனர். லபுகமவைச் சூழ்ந்த காட்டை ஒதுக்கக் காடாக்கி, அங்கு குடியிருப்போ பயிர்ச்செய்கையோ இடம்பெறாதவாறு தடுத்தனர். காடு நின்றால் நீர் தெளிவாக வரும். தெளிவாக வரும் நீருக்குச் சுத்திகரிப்புச் செலவு குறையும் என்பது அவர்களது கணக்கு. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தக் கணக்கு பிழைக்கவில்லை. இன்றும் கொழும்புக்கு வரும் நீரில் மிகக் குறைந்த செலவில் கிடைப்பது லபுகம, கலட்டுவாவ நீர்தான். ஆனால், அவற்றின் அளவு போதாது.

நகரம் லபுகமவைத் தாண்டி வளர்ந்தபோது அடுத்த தெரிவாக அமைந்தது களனி கங்கையின் கீழ்ப் பகுதி. கடலிலிருந்து சுமார் 14 கிலோமீற்றர் தூரத்தில் அம்பத்தலையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டுப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. இன்று அது நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் கன மீற்றர் அளவில் நீரை வழங்கும் நிலையமாக உள்ளது. 2013இல் ஆற்றின் வலது கரையில் பியகமவில் மற்றொரு நிலையம், முதற் கட்டமாக நாளொன்றுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் கன மீற்றர் கொள்ளளவுடன் திறந்து வைக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, லபுகமவில் நகரம் ஆற்றின் தலையைப் பிடித்தது. அம்பத்தலையிலோ அதன் வாலைப் பிடித்துள்ளது. ஆறு தன் பயணத்தில் சுமந்து வந்த அனைத்தையும் சுமந்தவாறே அங்கு வந்து சேருகின்றது.

அது சுமந்து வருபவை எவை? சீதாவக்கையிலும் பியகமவிலும் முதலீட்டுச் சபையின் ஏற்றுமதி வலயங்கள் உள்ளன. அவற்றின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னரே வெளியேற்றப்படுவதாகக் கூறப்பட்டாலும், அது சென்றடைவது இதே ஆற்றுப் படுகையையே. வலயங்களுக்கு வெளியே, ஹங்வெல்ல முதல் கடுவெல வரை இரு கரைகளிலும் இறப்பர்த் தொழிற்சாலைகள், சாயமிடும் ஆலைகள், வாகனம் கழுவும் நிலையங்கள், இறைச்சிக் கடைகள், குப்பை கொட்டும் இடங்கள் என எண்ணற்றவை உள்ளன. கொழும்பு மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அமைக்கப்பட்ட பாதாளக் கழிவுநீர்க் குழாய்கள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் கழிவைச் செலுத்துகின்றன. ஆனால், மாநகர எல்லைக்கு அப்பால் ஆற்றோரத்தில் வாழும் இலட்சக்கணக்கானோருக்கு அந்த வசதி இல்லை. அவர்களது மலக்குழிகள் வெள்ளம் வரும்போதெல்லாம் ஆற்றுடன் கலக்கின்றன. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பகுதிகளில் நிகழ்ந்ததும், 2025 நவம்பர் இறுதியில் 'தித்வா' சூறாவளியின்போது மீண்டும் நிகழ்ந்ததும் இதுவே. வீட்டுக்குள் கழுத்தளவு நீர் நிற்க, குடிப்பதற்கு ஒரு போத்தல் நீருக்காகப் படகை எதிர்பார்த்திருந்த குடும்பங்களை அவ்விரு சந்தர்ப்பங்களிலும் நாம் கண்டோம்.

சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற எண்ணம் பொதுமக்களிடையே பரவலாக உள்ளது. அது முழு உண்மையல்ல. அம்பத்தலையில் நடைபெறுவது, சேற்றைப் படிகாரத்தால் திரளச் செய்து படியவிடுதல், மணலில் வடித்தல், குளோரின் இட்டுக் கிருமி நீக்குதல் என்னும் வழமையான முறை. சேற்றையும் கிருமிகளையும் அகற்றுவதில் இம்முறை திறமையானது. ஆனால், நீரில் கரைந்துள்ள உப்பை அது அகற்றாது. எண்ணெயை எதிர்கொள்வதற்காகவும் அது அமைக்கப்பட்டதல்ல. கரைந்த உலோகங்களும் இரசாயனங்களும் வந்து சேர்ந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அங்கு மருந்தில்லை. அதனாற்றான் 2015இல் நிலைய அதிகாரிகளுக்கு நீரை எடுப்பதை நிறுத்துவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

உப்பைப் பற்றிக் குறிப்பிட்டோம். வரட்சிக் காலங்களில் அம்பத்தலைப் பொறியியலாளர்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த உப்புத்தான். கட்டட நிர்மாணத் தேவைக்காகப் பல தசாப்தங்களாகக் களனியிலிருந்து மணல் அகழப்பட்டதன் விளைவாக, ஆற்றின் கீழ்ப் பகுதியில் அதன் அடித்தளம் கடல் மட்டத்தை விடத் தாழ்ந்து போயுள்ளது. மழை குறைந்து ஆற்றோட்டம் தளரும்போது, கடல் நீர் பெருக்குடன் மேலேறுகின்றது. நன்னீரை விடக் கனமான அது, ஆற்றின் அடியால் ஊர்ந்து அம்பத்தலை வரை வந்துவிடுகின்றது. அவ்வேளைகளில் ஆற்றின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி உப்பைத் தடுப்பது நீண்டகால நடைமுறையாக இருந்து வந்துள்ளது. மணலை அள்ளியதால் வந்த வினையை மணல் மூட்டைகளைக் கொண்டே தடுக்கும் நிலை! தலைநகரின் மாடி வீடுகள் எழுந்த மணல், அவ்வீடுகளின் குழாய்களுக்கு வரும் நீரை உப்பாக்கியிருக்கின்றது என்பதை வீட்டுச் சொந்தக்காரர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

வரட்சியில் ஆற்றோட்டத்தைத் தக்க வைப்பது எது என்ற வினாவுக்கு விடை தேடினால், நாம் மீண்டும் மலையகத்துக்கே செல்ல வேண்டியுள்ளது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை ஆகிய இரு நீர்த்தேக்கங்களும் 1960களில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. மழைக்காலத்தில் தேக்கி வைக்கப்படும் நீர், விமலசுரேந்திர, லக்சபான, பொல்பிட்டிய ஆகிய மின் நிலையங்களின் ஊடாக இறங்கி, வரண்ட மாதங்களில் களனியில் ஓடும் நீரின் முக்கிய பங்காகின்றது. அதாவது, மின்சார சபை எப்போது எவ்வளவு நீரை இயந்திரங்களுக்கு விடுகின்றது என்பது கொழும்பின் குடிநீர் உப்பாகுமா இல்லையா என்பதையும் ஓரளவுக்குத் தீர்மானிக்கின்றது. மின் உற்பத்திக்காக நீரைச் சேமிக்க வேண்டும் என்று ஒரு சபையும், குடிநீருக்காகத் திறந்துவிட வேண்டும் என்று இன்னொரு சபையும் வேண்டி நிற்கும் நிலை ஒவ்வொரு பெரு வரட்சியின் போதும் ஏற்படுகின்றது.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் அந்நகரின் சண்முகநாதர் கோவில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. பத்திரிகைகளில் அவற்றின் படங்கள் வருகின்றன. மக்கள் வேடிக்கை பார்க்கச் செல்கின்றார்கள். ஒரு நகரத்தையே கொடுத்துப் பெறப்பட்ட நீர் அது என்பதை அப்படங்களின் கீழ் எழுதுவோர் மிகச் சிலரே. நாடு முழுவதற்கும் மின்சாரமும், கொழும்புக்குக் கோடையில் குடிநீரும் தருவதற்காக இடம்பெயர்ந்தவர்களுள் நமது தமிழ் மக்களும் முஸ்லிம் வர்த்தகக் குடும்பங்களும் இருந்தனர்.

நியூயோர்க் நகரத்தின் அனுபவத்தை இவ்விடத்தில் எடுத்து நோக்குவது தகும். அந்நகரமும் தன் குடிநீருக்காக 200 கிலோமீற்றர் வரை தொலைவிலுள்ள மலைகளை நாடியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்ஸ்கில் மலைப் பகுதியில் கிராமங்களை அகற்றி, மயானங்களைக்கூடத் தோண்டி இடம் மாற்றி, நீர்த்தேக்கங்களைக் கட்டியது. அங்குள்ள மக்களுக்கு அந்தக் கசப்பு பல தலைமுறைகளாக நீங்கவில்லை. 1989இல் அமெரிக்க மத்திய அரசு, மேற்பரப்பு நீரைப் பயன்படுத்தும் நகரங்கள் அதனை வடிகட்ட வேண்டும் அல்லது நீரேந்து பகுதியைத் தக்கவாறு பாதுகாப்பதாக நிரூபிக்க வேண்டும் என விதித்தது. வடிகட்டும் நிலையம் கட்டுவதற்கு 600 கோடி டொலருக்கு மேல் செலவாகும் என மதிப்பிடப்பட்டது. அதில் சிறு பகுதியை, ஏறத்தாழ 150 கோடி டொலரை, மலையில் செலவிட்டால் நீர் ஊற்றிலேயே தூய்மையாக இருக்கும் என நகரம் கணக்கிட்டது.

இதன் பேரில் 1997இல் நகரத்துக்கும், மலைப்பகுதி ஊர்களுக்கும், மாநில மற்றும் மத்திய அரசுகளுக்கும், சுற்றாடல் அமைப்புகளுக்கும் இடையே உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. விவசாயிகளின் மாட்டுத் தொழுவக் கழிவு ஓடையில் கலக்காதிருப்பதற்கான செலவை நகரம் ஏற்றது. ஊர்களின் கழிவுநீர் நிலையங்களைப் புதுப்பிக்கவும், பழுதடைந்த மலக்குழிகளைத் திருத்தவும் நகரம் பணம் கொடுத்தது. விற்க விரும்பியவர்களிடமிருந்து மட்டும் காணி வாங்கப்பட்டது. கற்ஸ்கில் மக்கள் மீது கொண்ட அன்பினால் நியூயோர்க் இதனைச் செய்யவில்லை. தன் பணப்பையைப் பார்த்தே செய்தது. ஆனால், பேச்சுவார்த்தை மேசையில் மலை மக்களுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது என்பதே இங்கு நமக்கு முக்கியமானது.

அவ்வுதாரணத்தை அப்படியே களனிக்குப் பொருத்த முடியாது என்பதையும் கூறிவிட வேண்டும். களனிப் படுகையில் மக்கள் நெருக்கமாக வாழ்கின்றனர். தொழிற்சாலைகள் ஆற்றின் வாசலிலேயே உள்ளன. சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாமல் கொழும்பு ஒரு நாளும் வாழ முடியாது. ஆயினும், மேற்பகுதி மக்களின் வாழ்க்கை நிலையும் கீழ்ப்பகுதி மக்களின் குடிநீரும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்ற அடிப்படை இங்கும் பொருந்தும்.

அந்தக் கணக்கின் முதற் பக்கத்தைப் பார்ப்போம். பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்கள் யாவும் களனியின் நீரேந்து பகுதிக்குள் அடங்குகின்றன. அங்கு வாழும் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் இன்றும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். அவர்களின் குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் குழாயிலிருந்து வருவதல்ல. மலை ஊற்றிலிருந்து குழாயிட்டுக் கொண்டுவரப்படும் பீலி நீரே பல தோட்டங்களில் அவர்களுக்குக் குடிநீர். அதற்குக் குளோரினும் இல்லை, பரிசோதனையும் இல்லை. ஊற்றுக்கு மேலே தேயிலைக்கு உரமும் களைநாசினியும் இடப்படுகின்றன. பீலிக்குக் கீழே மலசலகூடக் கழிவு ஓடையில் இறங்குகின்றது. கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண், அந்தியில் பீலிக்கரையில் வரிசையில் நிற்கிறாள். அவள் காலடியால் ஓடும் நீர்தான் சில நாட்களின் பின் அம்பத்தலையை அடைகின்றது.

பொகவந்தலாவைப் பகுதியில் கெசல்கமு ஓயாவில் சட்டவிரோதமாக மாணிக்கக்கல் அகழப்படுவதும், அதனால் ஆற்றங்கரைகள் சரிந்து சேறு காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்புவதும் காலங்காலமாகச் செய்திகளில் வருகின்றன. பொலிஸார் சிலரைக் கைது செய்வதும், அகழ்வு மீண்டும் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டது. அகழ்பவர்களில் தோட்டக் கூலியால் வயிறு நிரம்பாதவர்களும் உள்ளனர் என்பதைச் சொல்லாமல் சட்டத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. மார்கழி முதல் வைகாசி வரை நீளும் மலை யாத்திரைக் காலத்தில் இலட்சக்கணக்கான பக்தர்கள் விட்டுச் செல்லும் பிளாஸ்ரிக் குப்பைகளும் இதே நீரோடைகளிலேயே சேருகின்றன.

மறு பக்கத்தில், ஆறு கடலைச் சேரும் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மாளிகாவத்தைப் பகுதிகள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருங்கி வாழும் இப்பகுதிகளின் நெரிசலான குடியிருப்புகளையும் நாம் 'தோட்டம்' என்றே அழைக்கின்றோம். ஆற்றின் தலையிலும் தோட்டம், வாலிலும் தோட்டம். அங்கே பீலி, இங்கே பொதுக்குழாய். கடைசிக் குழாயில் அழுத்தம் குறைந்து, நள்ளிரவில் மட்டும் நூல் போல நீர் வடிவதும், சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்வதற்கென இரவே வாளியில் நீர் பிடித்து வைப்பதும் இங்குள்ள பலருக்குப் பழக்கப்பட்ட விடயங்கள்.

இத்தனைக்கும், ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்ட நீரில் பெரும் பங்கு மாநகரக் குழாய்களிலேயே காணாமல் போய்க் கொண்டிருந்தது. 2012 அளவில் கொழும்பு மாநகரில் வழங்கப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதிக்குக் கட்டணம் அறவிடப்படவில்லை. அதில் ஒரு பகுதி சட்டவிரோத இணைப்புகள். பெரும் பகுதி நூறாண்டு பழைமையான வார்ப்பிரும்புக் குழாய்களின் கசிவு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் அக்குழாய்களை மாற்றும் பணி அதன் பின் தொடங்கப்பட்டது. வீதிகளைத் தோண்டியதற்காக அப்போது பலரும் முணுமுணுத்தனர். ஆனால், கசிவை அடைப்பதே புதிய ஆறு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு ஒப்பானது என்பதில் ஐயமில்லை. அழுத்தம் குறைந்த குழாயில் கசிவு இருந்தால், நீர் வெளியே போவது மட்டுமன்றி, அருகிலுள்ள சாக்கடை உள்ளே வரவும் கூடும் என்பது இதைவிடப் பெரிய ஆபத்து.

நீர் மாசடைந்தால் அதற்குப் பொறுப்புக் கூறுவது யார் என்ற கேள்விக்கு இந்நாட்டில் கிடைத்த விடைகள் மகிழ்ச்சி தருவனவல்ல. 2013 ஆகஸ்ட் முதலாம் திகதி, கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரிய, ரத்துபஸ்வல பகுதியில், தமது கிணற்று நீர் தொழிற்சாலையொன்றால் கெட்டுவிட்டது எனக் கூறிச் சுத்தமான குடிநீர் கேட்டு வீதிக்கு இறங்கிய மக்கள் மீது இராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. மூவர் உயிரிழந்தனர். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனப் பணித்தது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு வடபுலத்துக் கிணறுகள் மூலம் கிடைத்த அங்கீகாரம் அது. சட்டம் இல்லாமலில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகார சபை உண்டு. அனுமதிப்பத்திர முறை உண்டு. ஆனால், களனியில் நீரை எடுப்பது ஒரு சபை, மாசைக் கண்காணிப்பது இன்னொன்று, மணலுக்கு அனுமதி வழங்குவது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், வலயங்களுக்குப் பொறுப்பு முதலீட்டுச் சபை, மேலே நீரைத் திறப்பது மின்சார சபை, குப்பைக்குப் பொறுப்பு டசின் கணக்கான உள்ளூராட்சி மன்றங்கள். 2016இல் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமும் இணைந்து களனிப் படுகைக்கென ஒரு செயற்றிட்டத்தை வெளியிட்டன. ஆவணம் நன்றாகவே இருந்தது. ஆற்றுக்கென ஒரு பொறுப்பாளர் மட்டும் இன்னும் இல்லை.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தின் கதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது கிளிநொச்சி விவசாயிகள் அதை எதிர்த்தனர். நீண்ட இழுபறியின் பின், தாளையடியில் கடல் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. அம்முடிவு சரியா, தவறா, அதன் செலவு தாங்கக்கூடியதா என்பது வேறு விவாதம். ஆனால், நீரின் மேட்டில் இருந்தவர்கள் 'எமக்கும் ஒரு கருத்து உண்டு' என்றனர், அது கேட்கப்பட்டது. களனியின் மேட்டில் இருக்கும் தோட்ட மக்களை யாரும் அவ்வாறு கேட்டதில்லை. அவர்கள் காணி உரிமையற்றவர்கள். குளத்தைக் காட்டி 'எங்களுடையது' என்று சொல்லும் நிலையில் அவர்கள் வைக்கப்படவுமில்லை.

2022 செப்டம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் நீர்க் கட்டணம் கணிசமாக உயர்த்தப்பட்டது. நீர் வழங்கல் சபையின் கடன் சுமையும் மின்சாரச் செலவும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. அக்காரணங்களை நாம் மறுக்கவில்லை. ஆனால், உயர்த்தப்பட்ட அக்கட்டணத்தில் ஒரு சதமேனும் நீர் பிறக்கும் இடத்துக்குச் செல்லுமா என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. கொழும்பில் மாடி வீட்டில் நீச்சல் தடாகம் வைத்திருப்பவரின் பற்றுச்சீட்டிலும், உல்லாச விடுதிகளின் பற்றுச்சீட்டிலும் சிறு வீதமொன்றைச் சேர்த்து, நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் மலசலகூடங்களும் கழிவுத் தொட்டிகளும் அமைக்கச் செலவிட்டால், அதை மலையக மக்களுக்கான தருமமென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது கொழும்பு தன் குடிநீருக்காகச் செய்யும் செலவு. கறுவாத்தோட்டத்தின் குழாயும் பொகவந்தலாவையின் மலக்குழியும் ஒரே ஓட்டத்தின் இரு முனைகள். பொதுக்குழாயில் நீர் பிடிக்கும் குடும்பங்களின் மீது இச்சுமை ஏற்றப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே கூறுகின்றோம்.

அவ்வாறு செலவிடுவதற்கு இன்று சட்டத் தடையும் நீங்கியுள்ளது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் பிரதேச சபைகள் பணிபுரிவதைக் கட்டுப்படுத்தி வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபைகள், அவர்களது வாசலில் ஒரு வடிகானைக்கூடக் கட்ட முடியாதிருந்த விசித்திரம் 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தினாலேயே முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் நோர்வூட், மஸ்கெலியா ஆகியவற்றுக்குத் தனியான பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. 2025 மே மாதத் தேர்தலில் அவற்றுக்குப் புதிய உறுப்பினர்கள் தெரிவாகியுள்ளனர். அதிகாரம் உண்டு, நிதி இல்லை என்பதே அச்சபைகளின் நிலை. கொழும்பு மாநகர சபையும் நீர் வழங்கல் சபையும் இவ்விரு சிறிய சபைகளுடன் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. ஒரு கடிதம் போதும். அடுத்த வரட்சியில் அம்பத்தலையில் உப்பின் அளவு ஏறத் தொடங்கும் முன் அக்கடிதம் எழுதப்படுமா என்பதையே நாம் கேட்க விரும்புகின்றோம்.